இருக்கைக்குக் கீழே ஒரு மஞ்சள் கோடு

ஆயிரம் பேரைக் காரில் உட்காரவைத்து, சுவரில் கொண்டுபோய் முட்டவிட்டு, ஆயிரம் பேரையும் கைகால் குறையாமல் இறக்கிக் கூட்டிவந்த மனிதர் ஒருவர் இருக்கிறார். ஏழு ஊர் சுற்றினாலும் இப்படி இன்னொருவரைப் பார்க்க முடியாது.

சரி, ஆயிரம் என்பது கொஞ்சம் தாராளம். முந்நூற்றுச் சொச்சம் இருக்கும். சுவர் என்பதும் சுவர் இல்லை. தேன்கூடு போல அறை அறையாகச் செய்த அலுமினியக் கட்டி, அதன் முதுகுக்குப் பின்னால்தான் கான்கிரீட். கைகால் குறையாமல் என்பது பாதிப் பொய். சில நாள் முழங்கால் கழன்று வரும், அவரே ஸ்பானரை எடுத்து மாட்டிவிடுவார். ஏனென்றால் முட்டவிடப்பட்டவர்கள் எல்லோரும் பொம்மைகள்.

பொம்மை என்றதும் கடையில் விற்கிற பொம்மையை நினைக்க வேண்டாம். எழுபத்தெட்டுக் கிலோ எடை. இரும்பு எலும்பு, ரப்பர் தோல். மண்டைக்குள், கழுத்தில், நெஞ்சில், தொடையில், கணுக்காலில் எல்லாம் அடி எவ்வளவு விழுந்தது என்று சொல்லும் கருவிகள். நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. நடுவாந்திரமான ஓர் ஆணின் உடம்பு. புதிதாக ஒரு கார் விற்பனைக்கு வருமுன், அது எதிரே வரும் வண்டியோடு மோதினால் ஓட்டுபவர் பிழைப்பாரா என்று பார்க்கிற சோதனைக் கூடத்தில், ஓட்டுநர் இடத்தில் உட்காருவது இவன்தான்.

கூடத்தில் இவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். பெயர் பொருத்தம்தான். முதல் நாளே ஏசி அறையில் உட்காரவைத்து உடம்பைக் குளிரப்பண்ணுவார்கள். மறுநாள் காலை நாலு பேர் சேர்ந்து தூக்கிக் காரில் வைப்பார்கள். சட்டையை இழுத்துவிட்டு, காலைச் சரியாக வைத்து, முகத்துக்கு வண்ணம் பூசுவார்கள். விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரியும், கேமராவெல்லாம் இவனையே பார்க்கும். இவன் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டான். கடைசியில் எல்லார் முன்னாலும் தலையைக் கொண்டுபோய் மோதிக்கொள்வான்.

அந்த வண்ணம் பூசுகிறவர்தான் நம்முடைய மனிதர். மேக்கப்காரர் என்றுதான் அங்கே எல்லோரும் கூப்பிடுவார்கள். சோதனையை நடத்தும் பெண் பொறியாளர் விளக்கு, கேமரா என்று குரல் கொடுப்பதால் அவர் டைரக்டரம்மா. நெற்றிக்கு நீலம், மூக்குக்குப் பச்சை, தாடைக்கு மஞ்சள், முட்டிக்குச் சிவப்பு என்று பூசுவது அழகுக்காக அல்ல. மோதி முடித்த பிறகு எந்த நிறம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அதை வைத்து எந்த உறுப்பு எங்கே இடித்தது என்று படிக்கலாம். முகத்தின் மூன்று நிறமும் ஏர்பேக்கின் நடுவில் வட்டமாக ஒட்டியிருந்தால் நல்ல கார். மூக்கின் பச்சை கதவுத் தூணில் தெரிந்தால் மேக்கப்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

இன்னொரு வேலையும் அவருடையது: சீட்டை வைப்பது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, விதியில் சொன்ன இடத்தில், நூல் பிசகாமல் வைக்க வேண்டும். வைத்ததும் காரின் தரையில் சீட் ஓடும் தண்டவாளத்தில் ஒரு கோடு, சீட்டின் அடியில் ஒரு கோடு. இரண்டும் சேர்ந்தால் சரி. பொம்மையை ஏற்றும்போது சீட் அரை விரல் நகர்ந்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். இருபது வருடமாக இந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து, கோடு இல்லாத சீட்டைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். வினையே அந்த அரிப்பில்தான் இருந்தது.

அவருடைய மனைவி வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பவள். ஒரு குத்து, ஒரு சொட்டு, வலியே தெரியாது. நடக்க முடியாத கிழவர்களெல்லாம் “ஊசியம்மா வந்தாத்தான் கையை நீட்டுவேன்” என்று அடம்பிடிப்பார்கள். ஐந்தடிக்கு ஒரு விரல்கூட அதிகம் இல்லை. ஆனால் வாய் ஆறடி.

இருவருக்கும் சேர்த்து ஒரே கார். நடுத்தர அளவு, சாம்பல் நிறம். கூடத்திலேயே முட்டித் தேறிய மாடல் அது. அந்த மாப்பிள்ளைக்கு வண்ணம் பூசியவரும் இவரே. ஏர்பேக்கின் நட்டநடுவில் மூன்று நிறமும் பூப்போல ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, “இதைத்தான் வாங்குறோம்” என்று சொல்லிவிட்டார்.

வாங்கிய அன்றைக்கு அவளுக்குப் பாடமும் எடுத்தார்.

“முன்பக்கம் நசுங்கணும். நசுங்கி நசுங்கி வேகத்தை அதுவே தின்னுடும். ஆனா நாம உக்கார்ற கூடு இருக்கு பாரு, அது நசுங்கவே கூடாது. இடிச்ச உடனே பெல்ட் உன்னை வெடுக்குனு இழுத்துப் பிடிக்கும். அப்புறம் நெஞ்செலும்பு முறியாம இருக்க கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதுக்குள்ள ஏர்பேக் விரிஞ்சிடும். எல்லாம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள.”

“முதல்ல பிடிக்கும், அப்புறம் விட்டுக்கொடுக்குமா?”

“ஆமா.”

“நல்ல பெல்ட்டு. நீங்க முதல் பாதியை மட்டும் கத்துக்கிட்டு வந்திருக்கீங்க.”

பகலில் ஊசியம்மா வண்டியை எடுத்துப் போவாள். சாயங்காலம் அவர் எடுப்பார். அவள் சீட்டை முன்னால் இழுத்து ஓட்டிவிட்டு அப்படியே இறங்கிவிடுவாள். அவர் ஏறினால் முட்டி ஸ்டீயரிங்கின் அடியில் இடிக்கும்.

“இந்தா, இறங்கும்போது சீட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிட்டு இறங்குன்னு எத்தனை தடவை சொல்றது?”

“முட்டியில உங்க செவப்பைப் பூசிட்டு ஏறுங்க. எங்க இடிக்குதுன்னு சரியாத் தெரியும்.”

“விளையாடாதே. தள்ளிட்டு இறங்க உனக்கு என்ன நோவு?”

“ஐஸ் பெட்டியில ஏழு பேரோட ரத்தம் இருக்கு. அதைத் தூக்கிட்டு ஓடுவேனா, உங்க சீட்டுக்குச் சேவகம் பண்ணுவேனா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூடத்திலிருந்து சின்ன டப்பாவில் மஞ்சள் வண்ணம் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் தாடைக்குப் பூசும் அதே மஞ்சள். காரின் தரையில் படுத்து, தண்டவாளத்தில் ஒரு கோடு, சீட்டின் அடியில் ஒரு கோடு போட்டார். இரண்டும் சேர்ந்தால் அவருடைய இடம். “இறங்கும்போது கோட்டுக்குக் கோடு சேர்த்துட்டு இறங்கு. இதுக்குமேல லேசாக்க முடியாது” என்றார். அவளுடைய இடத்துக்கு ஒரு கோடு போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. டப்பாவில் வண்ணம் மிச்சம் இருந்தது.

மூன்று வாரம் சண்டை நடந்தது. கோடு சேராத நாளெல்லாம் அவர் டார்ச் அடித்துக் காட்டுவார். பிறகு ஒரு நாள் சண்டை நின்றது. எந்தச் சாயங்காலம் பார்த்தாலும் கோட்டோடு கோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீனில் எல்லோரிடமும், “ஒரு கோடு போட்டேன், வீடே அமைதியாயிடுச்சு” என்று சொல்லிச் சிரித்தார். பின்சீட்டில் புதிதாக ஒரு பூப்போட்ட நீலக் குஷன் கிடந்ததையும் பார்த்தார். ஐஸ் பெட்டி உருளாமல் இருக்க வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். தினம் தினம் தள்ளிவைக்க மறந்து பேச்சு வாங்கி அலுத்துப்போய், அவள் சீட்டை இழுப்பதையே விட்டுவிட்டாள். முதுகுக்குப் பின்னால் குஷனை வைத்து, முன்னால் சரிந்து உட்கார்ந்து, கால் நுனியால் மிதித்து ஓட்டினாள். வீட்டுக்கு வந்ததும் குஷனை எடுத்துப் பின்னால் எறிந்துவிடுவாள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில், ஒரு வளைவில், எதிரே வந்த சரக்கு வேன் ஒரு சைக்கிளுக்கு ஒதுங்கப்போய் இவள் பக்கம் ஏறிவிட்டது. மோதியது காரின் முன்பக்கத்தில் ஓட்டுநர் பக்க மூலையில். கூடத்தில் அலுமினியக் கட்டியை நிறுத்திவைக்கிற அதே இடம்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. கதவைக் கையாலேயே திறக்க முடிந்தது. ஆனால் வலது கணுக்கால் மூன்று துண்டு. வயிற்றின் குறுக்கே பெல்ட் அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: “பிரேக்கை மிதிச்சேங்க. கால் நழுவிடுச்சு. என் தப்புதான்.”

“பேசாதே, படு” என்றார் அவர். அப்போது அவருக்கு எதுவும் தெரியாது. அதுவரை அவர் மேல் பிசகு சொல்ல முடியாது.

நாலாம் நாள், காரில் இருந்த காகிதங்களையும் ஐஸ் பெட்டியையும் எடுக்க, இடிபட்ட வண்டிகளை நிறுத்தும் யார்டுக்குப் போனார். முந்நூறு காரைப் படித்த கண், இந்தக் காரையும் தன்னால் படிக்கத் தொடங்கியது. முன்பக்கம் மடிந்து மடிந்து ஆர்மோனியப் பெட்டி மாதிரி. நல்லது. முன்கண்ணாடிப் பக்கத் தூண் நேராக நிற்கிறது. நல்லது. ஸ்டீயரிங் பின்னுக்கு வரவில்லை. ஐஸ் பெட்டியின் மூடிகூடத் திறக்கவில்லை. நூற்றுக்கு நூறு என்று வாய் சொல்லப்போனது.

அப்புறம் ஏர்பேக்கைப் பார்த்தார். அவள் முகப் பவுடரும் உதட்டுச் சாயமும் அதில் ஒட்டியிருந்தன. நடுவில் இல்லை. கீழ் ஓரத்தில், வழுக்கி இறங்கிய மாதிரி இழுபட்டுக் கிடந்தன. குனிந்து டேஷ்போர்டின் அடியைப் பார்த்தார். அவள் முட்டி இடித்த இடத்தில் துணியின் இழை இரண்டு சிக்கியிருந்தது. தரையில், பெடலுக்குப் பக்கத்தில், பூப்போட்ட நீலக் குஷன்.

கடைசியாக டார்ச் அடித்துச் சீட்டின் அடியைப் பார்த்தார். கோட்டோடு கோடு சேர்ந்திருந்தது. மயிரிழை விலகவில்லை.

அவர் அப்படியே யார்டின் எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். காவல்காரர் வந்து, “சார், தண்ணி வேணுமா?” என்று கேட்டதற்கு, “சீட் நகரவே இல்லப்பா” என்றாராம். காவல்காரர் காரைப் புகழ்கிறார் என்று நினைத்து, “நல்ல வண்டி சார்” என்றாராம்.

குஷனை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் கூடத்தில் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். வீட்டில், “குஷன் தொலைஞ்சுபோச்சு” என்று சொன்னார்.

இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நாள் போயிற்று. முதலில் கட்டு பிரிக்கட்டும் என்றார். பிறகு நடக்கட்டும் என்றார். நடக்கத் தொடங்கியபோது அவள் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். அந்த நடையைப் பார்த்தபின் சொல்ல நாக்கு எழவில்லை. இன்ஷூரன்ஸ்காரர் கையைக் குலுக்கினார். கூடத்துக்கு விருந்தினர் வந்தபோது, “இந்த வண்டியைச் சோதிச்சவர் இவர், இதே வண்டிதான் இவர் வீட்டம்மாவைக் காப்பாத்துச்சு” என்று டைரக்டரம்மா அறிமுகம் செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனிதர் என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் ஊசியம்மா நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். திடீரென்று வலது கால் தரையை அழுத்தும். இல்லாத பிரேக்கை மிதிக்கும். எடுக்கும், மிதிக்கும். அவளுக்கே தெரியாமல் நடக்கும். அவர் எதிரே செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கால் ஓய்ந்திருக்கும். சொல்லவில்லை.

அவள் வேலைபார்த்த பரிசோதனை நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. கால் தேறிவிட்டது, வேறு கார் வாங்கிக்கொண்டு திரும்ப வரலாமே என்று கேட்டார்கள். “இந்தக் காலை நம்பி என்னால ஸ்டீயரிங் பிடிக்க முடியாதுங்க. இன்னொருத்தர் மேல ஏத்திட்டேன்னா?” என்று சொல்லிவிட்டாள். மறு வாரம், அவள் இடத்துக்கு வந்த பெண் ஐஸ் பெட்டியை வாங்கிப்போக வீட்டுக்கு வந்தாள். ஊசியம்மா பெட்டியைச் சோப்புப்போட்டுக் கழுவி, மூலை முடுக்கெல்லாம் துடைத்து, காயவைத்து வைத்திருந்தாள்.

“மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கும்மா. இந்தப் பக்கம் தட்டித் திற. மூணாவது தெருத் தாத்தாவுக்கு இடது கையில நரம்பே கிடைக்காது, வலது கையைக் கேளு” என்று சொல்லிக் கொடுத்தாள். பெட்டியைக் கொடுத்த பிறகும் ஒரு நிமிடம் பிடியை விடவில்லை.

மேக்கப்காரர் வாசலில் நின்று இதைப் பார்த்தார். மறுநாள் டைரக்டரம்மாவிடம் போய், “ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம் கூடத்தைத் திறந்துவிடணும். என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரணும்” என்று கேட்டார். எதற்கு என்று டைரக்டரம்மா கேட்டார். “ஒரு சோதனைல நான் பொய் ரிப்போர்ட் கொடுத்துட்டேன்” என்றார்.

கூடத்தின் மூலையில், பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு இன்னொரு பொம்மை உட்கார்ந்திருக்கும். ஐந்தடிப் பெண். எப்போதாவது மாப்பிள்ளைக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவாள், மற்ற நாளெல்லாம் மூலைதான். அந்தக் கூடத்து விதிப்படி ஸ்டீயரிங் முன்னால் அவளுக்கு இடம் கிடையாது. இவளைப் பற்றி வீட்டில் எப்போதோ சொன்னபோது, “மாப்பிள்ளைக்குத் தங்கச்சின்னா எனக்கு நாத்தனார்” என்று ஊசியம்மா பெயர் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஊசியம்மா உள்ளே வந்தபோது, அளவு பார்க்க நிறுத்தியிருந்த ஒரு காரில், ஓட்டுநர் சீட்டில், நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வண்ணம் இல்லை. முதுகுக்குப் பின்னால் பூப்போட்ட நீலக் குஷன்.

“இவதானா? என் உயரம்தான் இருக்கா” என்று சிரித்துக்கொண்டே வந்தவள், குஷனைப் பார்த்து நின்றாள். “இது என்னோடது.”

“ஆமா.”

“தொலைஞ்சுபோச்சுன்னீங்க.”

அவர் காரின் பக்கத்தில் மண்டியிட்டார். “இங்க பாரு. சீட் நம்ம வண்டியில நான் கோடு போட்ட அதே அளவுல இருக்கு. இவ காலைப் பாரு.”

பொம்மையின் குதிகால் தரையில் படவில்லை. பெடலைக் கால் நுனிதான் தொட்டது.

“பெல்ட்டைப் பாரு. இடுப்பெலும்பைப் பிடிக்கணும். இவ சரிஞ்சு உக்காந்திருக்கா, அதனால வயித்தைப் பிடிக்குது. இடிச்சா உடம்பு பெல்ட்டுக்கு அடியில வழுக்கும். முழு பாரமும் காலுக்குப் போகும்.” அவர் பெடலைத் தொட்டுக் காட்டினார். “உன் கால் நழுவல. உன் காலுக்கு எட்டவே இல்ல. எட்டாம வெச்சது நான்.”

குஷனை எடுத்துவிட்டு, சீட்டை முன்னால் இழுத்து, உயர்த்தினார். நாத்தனாரின் குதிகால் தரையில் படிந்தது. பெல்ட் இடுப்பில் இறங்கி உட்கார்ந்தது. ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே வேண்டிய இடம் அப்போதும் மிச்சம் இருந்தது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிட வேலை.

ஊசியம்மா வெகுநேரம் அந்தக் குதிகாலையே பார்த்தாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“யார்டுக்குப் போன அன்னிக்கே.”

அவள் கைத்தடியை மாற்றிப் பிடித்தாள். “கோட்டைப் போட்டது நீங்க. வாயை மூடிக்கிட்டு அதுமேல உக்காந்து ஓட்டினது நான். அதுல பாதி என்னோடது, போகட்டும். ஆனா எட்டு மாசமா நான் என் காலைத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க எதிர்ல உக்காந்து பேப்பர் படிச்சீங்க.”

“படிக்கல” என்றார் அவர்.

“தெரியும். ஒரு நாள் தலைகீழாப் பிடிச்சிருந்தீங்க. வேலையில ஏதோ கவலைன்னு நினைச்சு, உங்களுக்காக வேற நான் வருத்தப்பட்டேன்.”

அவர் அழுதார். அவள் அழவில்லை. நாத்தனாருக்கு உறையைப் போர்த்திவிட்டு, குஷனை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

இப்போது அவளுக்கென்று தனியாக ஒரு சின்னக் கார் இருக்கிறது. ஐஸ் பெட்டி திரும்பி வந்துவிட்டது. கால் பழைய கால் இல்லை. குளிர் நாளில் இழுத்துப் பிடிக்கும், அன்றைக்கு நாலு வீட்டோடு நிறுத்திக்கொள்வாள். அந்தக் காரின் ஓட்டுநர் சீட்டில் அவர் உட்காரக் கூடாது. சீட்டின் நெம்புகோலைத் தொடவும் கூடாது. விடுமுறை நாளில் பக்கத்து சீட்டில் முட்டியை மடக்கிக்கொண்டு, மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு கூடவே போவார். வண்டி கிளம்புமுன் ஓரக்கண்ணால் அவள் குதிகாலைப் பார்ப்பார். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு கிண்டல் விழுந்திருக்கும். இப்போது விழுவதில்லை. அவர் அதற்காகக் காத்திருப்பது தெரிகிறது.

நாத்தனாரை ஓட்டுநர் சீட்டில் வைத்தும் முட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை டைரக்டரம்மா மேலே அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை.

ஊசியம்மாவுக்குப் பெரியம்மா முறையான நான் இதை எழுதி முடித்து, அவர்கள் வீட்டில் இருவரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். ஆயிரம் பேர் என்ற இடத்தில் மேக்கப்காரர் வாயைத் திறப்பார் என்று பார்த்தால், திறக்கவில்லை. கடைசிவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியம்மாதான் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

“மத்ததெல்லாம் உங்க இஷ்டத்துக்கு அளந்துக்கோங்க பெரியம்மா. எட்டு மாசம்னு மட்டும் எழுதாதீங்க. எட்டு மாசம் பதினோரு நாள்.”